ஒளி புகுந்த ஆலயங்கள் – 6: ஷார்த்ர் நகரத்துச் சாளரங்கள்

பாரிஸ் நகருக்கு வடக்கேயுள்ள சேன் தெனி மடாலயத்தின் அதிபர் சூஜே, 1144ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தம் ஆலயத்தின் புதிய பீடப் பகுதியை அபிஷேகம் செய்வித்து, ஜடப் பொருளின் பிரகாசத்தைப் பற்றிக்கொண்டே மனித உள்ளம் பரம்பொருளின் பிரகாசத்துக்கு ஏறிச் செல்லக்கூடும் என்ற தம் சித்தாந்தத்தை வண்ணக் கண்ணாடியிலே எழுதிக் காட்டிய வரலாற்றைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அந்தச் சாளரங்களைப் பாதுகாக்கவென்றே ஒரு கைவினைஞரைத் தனியாக நியமித்து வைத்த தீர்க்கதரிசனம் அவருடையது. ஆயினும் பிரெஞ்சுப் புரட்சியும், அதன் பின்னர் வந்த செப்பனிடும் உற்சாகமும் சேர்ந்து அவற்றுள் பெரும்பகுதியை இல்லாமற் செய்துவிட்டன. அவர் தொடங்கி வைத்த கலை முழு யௌவனத்தில் எப்படி விளங்கிற்று என்பதை இன்று கண்ணாரக் காண விரும்புகிறவர், பாரிஸிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, போஸ் என்னும் கோதுமைச் சமவெளியின் நடுவே, ஊர் கண்ணுக்குப் புலப்படுமுன்னரே தன் இரட்டைக் கோபுரங்களைக் காட்டி நிற்கும் ஷார்த்ர் பேராலயத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

ஷார்த்ரின் பெருமை அதன் கட்டடத்தால் வந்ததன்று. கட்டடம் பெருமையைப் பின்தொடர்ந்து வந்தது. கர்த்தர் பிறந்த இரவில் தேவமாதா அணிந்திருந்த ஆடை என்று பக்தர்கள் நம்பிய ஒரு பட்டுத் துணியை, 876ஆம் ஆண்டில் வழுக்கைத் தலையர் என்று பெயர் பெற்ற சார்லஸ் மன்னர் இந்த ஆலயத்துக்குக் காணிக்கையாக அளித்தார். அன்றுமுதல் மேற்கு ஐரோப்பாவின் மாதா க்ஷேத்திரங்களுள் ஷார்த்ர் முன்வரிசையில் நின்றது. மாதாவின் நான்கு பெருவிழாக்களையும் ஒட்டி நான்கு சந்தைகள் கூடின. யாத்திரிகர் வந்தனர், யாத்திரிகரை நம்பிப் பிழைக்கும் ரொட்டிக்காரரும், திராட்ச மது வியாபாரியும், நாணயம் மாற்றுகிறவரும் அவர்களைத் தொடர்ந்து வந்தனர். இந்த வர்த்தகக் கூட்டத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறிது நேரத்தில் அவர்களைக் கண்ணாடியிலே மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

1194ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி இரவு ஊரில் மூண்ட பெருந்தீ ஆலயத்தையும் பற்றிக்கொண்டது. மரக்கூரை எரிந்து விழுந்து, சுவர்கள் வெடித்து, மேற்கு முகப்பும் அதன் இரு கோபுரங்களும் பூமிக்கடியிலுள்ள நிலவறையும் தவிர மற்றெல்லாம் பாழாயிற்று. மாதாவின் ஆடையும் சாம்பலாயிற்று என்று ஜனங்கள் அலறினார்கள்; ஆடை போயிற்றென்றால் ஊரின் ஜீவனே போயிற்று என்பது அவர்கள் கணக்கு. அச்சமயம் அங்கே இருந்த போப்பரசரின் பிரதிநிதி, பீசா நகரத்து மெலியோர் என்னும் கர்தினால், குருக்களையும் ஊராரையும் கூட்டிவைத்துப் புதிய ஆலயம் எழுப்ப வேண்டிய கடமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வேளையில், நிலவறைக்குள் அந்த அருளிக்கத்தோடு அடைபட்டுக் கிடந்து உயிர் தப்பிய குருக்கள், அதைக் கையிலேந்தி வெளியே வந்தார்களாம். இந்தப் பவனியின் நேரப் பொருத்தம் சற்று அதிகமான பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆயினும் மாதா தமக்கு இன்னும் மேலான ஆலயம் வேண்டுமென்பதற்காகவே பழையதை எரிய விட்டார் என்ற எண்ணம் அன்றே ஊர் முழுதும் பரவி, கஜானாக்களையும் மடிச்சீலைகளையும் ஒருங்கே திறந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

தீயினின்று தப்பிய மேற்கு முகப்பில், 1150ஆம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பட்ட மூன்று நெடுஞ்சாளரங்கள் இருந்தன, அவையும் தப்பின. அவற்றுள் வலப்புறத்துச் சாளரம் சேன் தெனியில் சூஜே அமைத்த ஈசாய் மரத்தை மாதிரியாகக் கொண்டது. கீழே மஞ்சத்தில் படுத்துறங்கும் ஈசாயின் உடலினின்று ஒரு மரம் முளைத்தெழுகிறது. அதன் கிளைகளுக்கிடையே ஒருவர் மேல் ஒருவராக நான்கு அரசர்கள் வீற்றிருக்க, அவர்களுக்கு மேலே தேவமாதாவும், உச்சியில் பரிசுத்த ஆவியின் ஏழு வரங்களைக் குறிக்கும் ஏழு புறாக்கள் சூழ இயேசுநாதரும் அமர்ந்திருக்கிறார்கள். இவையனைத்துக்கும் பின்புலமாக நிற்கும் நீலத்தை வர்ணிக்க முயன்று தோற்ற எழுத்தாளர் பலர் உண்டு. அந்த வரிசையில் மேலும் ஒருவரைச் சேர்க்க நாம் விரும்பவில்லை. மாலைச் சூரியன் மேற்கே சாயும் நேரத்தில் அது சாளரத்தில் நிற்பதோடு அமையாமல், கூடத்துக் காற்றிலேயே கலந்து நிற்பதாகத் தோன்றும் என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம்.

புதிய ஆலயம் எழும்பிய வேகம் அக்காலத்துக்கு அதிசயமானது. 1221ஆம் ஆண்டிலேயே பேராலயக் குருக்கள் தங்கள் புதிய ஆசனங்களில் அமர்ந்து ஜெபம் பாடத் தொடங்கினர். முறையான அபிஷேகம் 1260ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி, ஒன்பதாம் லூயி மன்னர் காலத்தில் நிறைவேறிற்று. ஏறத்தாழ 37 மீட்டர் உயரத்தில் அமைந்த கல்விதானத்தின் பாரம் சுவரைப் புறந்தள்ளாதபடி, வெளியேயிருந்து அரைவளைவான கற்கைகளை நீட்டித் தாங்கும் உபாயத்தைச் சிற்பிகள் இங்கே துணிந்து பிரயோகித்தார்கள். பாரம் அந்தக் கைகளின் வழியே வெளியேறிவிட்டபடியால், தூணுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள சுவருக்கு வேலையில்லாமற் போயிற்று. வேலையற்ற சுவரை எடுத்துவிட்டு அந்த இடமெல்லாம் கண்ணாடி வைத்தார்கள். இன்று 170க்கு மேற்பட்ட சாளரங்களில் ஏறத்தாழ 2,600 சதுர மீட்டர் வண்ணக் கண்ணாடி அங்கே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலே, ஒரு தலைமுறைக்குள் செய்யப்பட்டவை அவற்றில் பெரும்பாலானவை.

அவ்வளவு கண்ணாடியை எப்படிச் செய்தார்கள்? ஷார்த்ர் கலைஞர்களின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லையென்றாலும், 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த தெயோபிலுஸ் என்ற துறவி, கைத்தொழில்களைப் பற்றி இலத்தீனில் எழுதி வைத்த நூலின் இரண்டாம் பாகம் முழுவதும் இந்த வித்தையைப் பற்றியதாகவே இருக்கிறது. பீச் மரத்தின் சாம்பல் இரண்டு பங்கு, சுத்தமான மணல் ஒரு பங்கு என்று கலந்து உலையிலிட்டு உருக்க வேண்டும். உருகிய குழம்பைக் குழாய் முனையில் எடுத்து ஊதி, உருளையாக நீட்டி, நீளவாட்டில் பிளந்து, சூட்டிலே தகடாக விரிக்க வேண்டும். கோபால்ட் சேர்ந்தால் நீலம். செம்பு சேர்ந்தால் சிவப்பு. ஆனால் செம்பினால் வரும் சிவப்பு, முழுத் தகடும் அதுவேயானால் ஒளியே புகாதபடி கறுத்துப் போகும். ஆகையால் வெண்கண்ணாடியின்மேல் மெல்லிய செந்தோல்போலப் படியும்படி செய்தார்கள்; மாதுளை முத்தின் ஒளி அந்தச் சிவப்புக்கு வந்தது இந்தத் தந்திரத்தால்தான்.

காகிதம் எளிதிற் கிடைக்காத காலமாதலால், சித்திரத்தின் முழு அளவு வரைபடத்தைச் சுண்ணம் பூசிய மரப்பலகையின்மேல் எழுதினார்கள். அத்தகைய பலகைகளுள் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டொன்று ஸ்பெயின் தேசத்து ஹிரோனா நகரில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. கண்ணாடித் தகட்டைப் பலகையின்மேல் வைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கோலை ஓரத்தில் தொட்டு, விரிசல் ஓடும் வழியிலே கோலையும் நடத்திச் சென்று, வேண்டிய வடிவத்தைப் பிளந்தெடுத்தார்கள். விளிம்பு கோணலாயிருந்தால் வாயில் காடி வெட்டிய இரும்புக் கருவியால் கொறித்துச் சரிசெய்தார்கள். பிறகு பொசுக்கிய செம்புத் தூளையும் கண்ணாடிப் பொடியையும் திராட்ச மதுவிலோ சிறுநீரிலோ குழைத்த கருநிறச் சாந்தினால் முகத்தின் ரேகைகளையும் ஆடையின் மடிப்புகளையும் எழுதி, சூளையில் சுட்டு, எழுத்தைக் கண்ணாடியோடு ஒன்றாக்கினார்கள். கடைசியில் இருபுறமும் காடியுள்ள ஈயப் பட்டிகளில் துண்டுகளைச் செருகி, சந்திகளில் பற்றாசு வைத்து இணைத்தார்கள். சித்திரத்தில் நாம் காணும் கரிய கோடுகளிற் பல ஈயப் பட்டிகளே. பெரிய கண்ணாடித் தகடுகளைச் செய்ய இயலாத ஒரு தொழிலின் குறைபாட்டையே அதன் அழகுக்கு ஆதாரமாக்கிக் கொண்ட சாமர்த்தியம் அது. கண்ணாடியின் கனம் எங்கும் ஒரே சீராக இராது. உள்ளே காற்றுக் குமிழிகளும் உண்டு. பிற்காலத்து ஆலைக் கண்ணாடியில் எத்தனை முயன்றும் வராத அந்தத் துடிப்புக்குக் காரணம் இந்தக் குறைகள்தாம்.

ஆலயச் சித்திரங்கள் எழுத்தறியாத ஏழைகளின் வேதபுத்தகம் என்று சொல்லுவது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. மகா கிரகோரியார் என்னும் போப்பரசர் 600ஆம் ஆண்டு வாக்கில் மார்செய் நகரத்து மேற்றிராணியாருக்கு எழுதிய கடிதத்திலிருந்தே இந்தக் கருத்துக்கு அதிகாரம் தேடுவார்கள். ஷார்த்ரைப் பொறுத்தவரை இதை அப்படியே ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. கீழ்வரிசைச் சாளரங்களில் தெற்குப் புறத்துள்ள நல்ல சமாரியன் சாளரத்தையே எடுத்துக்கொள்வோம். அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் புறப்பட்ட வழிப்போக்கனைக் கள்வர் அடித்து வீழ்த்துகிறார்கள். ஆசாரியனும் லேவியனும் பார்த்தும் பாராமற் போகிறார்கள். சமாரியன் அவனைத் தன் குதிரையில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டு செல்கிறான். அந்த இடத்தில் கதை முடிந்துவிட, சற்றும் சம்பந்தமில்லாததுபோல ஆதாமின் சிருஷ்டியும், விலக்கப்பட்ட கனியும், ஏதேன் தோட்டத்தினின்று வெளியேற்றமும், காயீன் ஆபேலைக் கொன்றதும் தொடர்ந்து வருகின்றன. உச்சியில் கிறிஸ்துநாதர் வீற்றிருக்கிறார். அடிபட்ட வழிப்போக்கனே ஆதாமின் சந்ததியான மனித குலமென்றும், சமாரியனே மீட்பரென்றும் வேதபாரகர்கள் செய்துவந்த வியாக்கியானத்தை அறிந்தவனுக்கன்றோ இந்தத் தொடர்ச்சி விளங்கும்! பாமரன் தானாகவே படித்துக்கொள்ளத்தக்க பாடமன்று இது. ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்ற கல்விக்கூடமொன்றை நடத்திவந்த குருக்கள், தம் பாண்டித்தியத்தைக் கண்ணாடியில் எழுதுவித்து, பக்கத்திலே நின்று உபதேசிக்கும் வாயையும் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

அதே சாளரத்தின் அடிப்பாகத்தில், வேதக் கதைக்கும் கீழே, சக்கிலியர் குனிந்து செருப்புத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களே ஒரு சாளரத்தைக் கையிலேந்திக் காணிக்கை செலுத்தும் காட்சியும் உண்டு. இவ்வாறு தொழிலாளரைக் காட்டும் சாளரங்கள் ஷார்த்ரில் சுமார் நாற்பது. சாலமாஞ்ஞ சக்கரவர்த்தியின் சரித்திரத்துக்கு அடியிலே உரோமத்தோல் வியாபாரி உள்வரி தைத்த மேலங்கியை வாங்க வந்தவர் முன் விரித்துக் காட்டுகிறான். நோவாவின் பேழைக்கடியில் தச்சரும் பீப்பாய் கட்டுவோரும் சக்கரம் செய்வோரும் வேலை செய்கிறார்கள். 6ஆம் நூற்றாண்டில் இவ்வூர் மேற்றிராணியாராயிருந்த புனித லூபினின் சாளரத்தில் மதுப் பீப்பாய் ஏற்றிய வண்டியைக் குதிரை இழுத்துப் போகிறது. ஆலயத்தின் கிழக்குக் கோடியிலே, பிரதான பீடத்துக்குப் பின்னாலுள்ள மிக உயர்ந்த ஸ்தானத்தில், அப்போஸ்தலர் சாளரத்தின் கீழே ரொட்டிக்காரர் மாவு பிசைந்து உருட்டி விற்கிறார்கள்.

இவர்களெல்லாம் தத்தம் சங்கங்களின் சார்பில் பணம் சேர்த்து இந்தச் சாளரங்களை உபயம் செய்தவர்கள் என்றே நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். அண்மைக் காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் இதை மறுத்து, ஊர்த்தொழில்கள் மீது தமக்குள்ள அதிகாரத்தையும், உழைப்பின் பலனை ஆலயத்துக்குச் செலுத்துவதே முறையென்ற உபதேசத்தையும் குருக்களே இவ்விதம் எழுதுவித்தார்கள் என்கின்றனர். ஒன்று மட்டும் நிச்சயம்: கண்ணாடியில் தெரியும் சாந்தம் வீதியில் இருக்கவில்லை. 1210ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நகரத்தார் திரண்டு, குருக்கள் சபைத் தலைவரின் மாளிகையைக் கல்லாலடித்துத் தாக்கினார்கள். சபையார் ஆலயத்தில் வழிபாட்டை நிறுத்தி வைத்தனர். பிலிப் அகஸ்தஸ் மன்னரே தலையிட்டுக் கலகக்காரருக்கு அபராதம் விதிக்க நேர்ந்தது. சாளரங்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்த வருஷங்களிலேதான் இத்தனையும் நடந்தது.

வீதிச் சண்டை இப்படியென்றால், அரசவைச் சண்டை வடக்கும் தெற்குமாக எதிரெதிரே நின்று இன்றும் ஒளி வீசுகிறது. குறுக்குக் கூடத்தின் வடபுறத்தில் ஒரு மாபெரும் ரோஜா சாளரம். தென்புறத்தில் அதற்கு இணையான மற்றொன்று. வடக்கேயுள்ளதில் பிரான்ஸ் அரசின் லில்லி மலரும், காஸ்தீல் அரசின் கோட்டை முத்திரையும் மாறிமாறி மின்னுகின்றன. எட்டாம் லூயி மன்னரை மணந்து, 1226ஆம் ஆண்டில் விதவையாகி, பன்னிரண்டு வயதுப் பாலகனான ஒன்பதாம் லூயிக்காக ராஜ்ய பாரத்தைத் தாமே சுமந்த காஸ்தீல் நாட்டு பிளான்ஷ் மகாராணியின் கொடை அது. தெற்கேயுள்ளதில் பொன்னும் நீலமும் கட்டம் கட்டமாக அமைந்த த்ரோ வம்சத்துக் கேடயம் விளங்குகிறது. பிரித்தானியின் பிரபுவான பியேர் மோக்ளேரின் கொடை இது. இந்தப் பியேர் யாரென்றால், அந்நியப் பெண்பிள்ளையின் ஆட்சியைச் சகிக்கமாட்டாமல் கலகம் செய்த பிரபுக்களின் தலைவர்களுள் ஒருவர். 1230ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றியைப் படையோடு வரவழைத்து, 1234இல் வேறு வழியின்றி ராணியின் பக்கத்துக்குப் பணிந்தவர்.

தெற்குச் சாளரத்தின் மையத்தில் காட்சியாகமத்தின் கிறிஸ்துநாதர். சுற்றிலும் இருபத்து நான்கு மூப்பர்கள் வாத்தியங்களோடு அமர்ந்திருக்கிறார்கள். அதன் கீழுள்ள ஐந்து நெடுஞ்சாளரங்களில் நடுநாயகமாகத் தேவமாதா பாலகனோடு நிற்க, இருமருங்கிலும் நான்கு தீர்க்கதரிசிகளின் தோள்மீது நான்கு சுவிசேஷகர்கள் ஏறி அமர்ந்திருக்கும் விசித்திரத்தைக் காணலாம். ஏசாயா மத்தேயுவையும், எரேமியா லூக்காவையும், எசேக்கியேல் யோவானையும், தானியேல் மாற்கையும் சுமக்கிறார்கள். ஏறியவர்கள் உருவத்தில் சிறியவர்கள், சுமக்கிறவர்கள் பெரியவர்கள், ஆனால் உயரத்திலிருந்து பார்க்கிறவர்கள் சிறியவர்களே. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் ஷார்த்ர் கல்விக்கூடத்தில் போதித்த பெர்னார், முன்னோரோடு ஒப்பிட்டால் நாமெல்லாம் அரக்கர் தோளேறிய குள்ளர்கள் என்று மாணவருக்குச் சொல்லி வந்ததாகப் பதிவு செய்திருப்பவர், பிற்காலத்தில் இவ்வூருக்கே மேற்றிராணியாராக வந்த சாலிஸ்பரி ஜான். அந்த உபமானமே இங்கே உருவெடுத்திருக்கிறது என்று பலர் கருதுவது இயல்புதான். இவர்களின் பாதங்களின் கீழே பியேரும், அவர் மனைவி ஆலிக்ஸும், பிள்ளைகள் இருவரும் முழங்காலிட்டிருக்கிறார்கள்.

வடக்கே, ராணியின் பக்கத்தில், நடுநாயகமாக நிற்பவர் குழந்தை மரியாளைக் கையிலேந்திய அன்னம்மாள். அவருக்கு இருபுறமும் மெல்கிசேதேக்கு, தாவீது, சாலொமோன், ஆரோன் ஆகியோர் கம்பீரமாக நிற்க, ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு கெட்ட அரசன் சிறுத்துக் கிடக்கிறான். நேபுகாத்நேச்சார் விக்கிரகத்தை வணங்குகிறான்; சவுல் தன் வாளாலேயே தன்னை மாய்த்துக்கொள்கிறான்; யெரொபெயாம் கன்றுக்குட்டிகளுக்கு முன் முழங்காலிடுகிறான்; பார்வோன் குதிரையோடு தலைகீழாகக் கவிழ்கிறான். தெற்கு வாயிலால் நுழைந்து தம் கொடையின் அழகில் மகிழ்ந்து நிற்கும் பியேர் பிரபு எதிரே தலை நிமிர்ந்தாரானால் அவர் கண்ணில் படக்கூடியவை இந்த நான்கு பேரின் கதிகள்தாம். ராணி அதை எண்ணியே அமைத்தார் என்று சொல்ல ஆதாரமில்லை. எண்ணாமல் அமைத்திருந்தால் அவருடைய அதிர்ஷ்டத்தை மெச்ச வேண்டியதுதான். பக்தியோடு போட்டியும் பெருமையும் கலந்திருந்ததைச் சுட்டிக் காட்டுவது இந்தச் சாளரங்களுக்குக் குறை கற்பிப்பதாகாது. எதிரியைவிடத் தாழ்ந்து தோன்றலாகாது என்ற ரோஷமே அத்தனை நிறங்களையும் அங்கே ஏற்றி வைத்தது.

மேற்கு முகப்புச் சாளரங்களோடு தீயினின்று தப்பிய வேறொன்றும் உண்டு. அழகிய சாளரத்து அன்னை என்று அழைக்கப்படும் அந்தத் தேவமாதாவின் உருவம் 1180ஆம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பட்டது. சிவந்த பின்புலத்தில் வெளிர்நீல ஆடை தரித்து, மடியில் பாலகனை வைத்து, நேராக நம்மை நோக்கி அமர்ந்திருக்கும் அந்த அன்னையைப் புதிய ஆலயம் கட்டியவர்கள் ஒதுக்கிவிடாமல், சுற்றிலும் தேவதூதர்களைப் புதிதாக எழுதி, தெற்குப் புறத்துச் சாளரமொன்றில் பிரதிஷ்டை செய்தார்கள். இந்த முற்காலத்து நீலத்தில் சோடா மிகுதி. 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடியிலோ மரச்சாம்பலிலிருந்து வந்த பொட்டாஷ் மிகுதி. மழையும் ஈரமும் பொட்டாஷ் கண்ணாடியை அரித்துக் குழி விழச் செய்துவிட, மூத்த நீலம் தன் இளையவர்களைவிடத் தெளிவாக இன்றும் நிற்கிறது.

இந்தப் பொக்கிஷத்துக்குப் பின்னாளில் நேர்ந்த ஆபத்துகளை விரைந்து சொல்லிவிடலாம். முதற் பெருஞ்சேதத்தைச் செய்தவர்கள் பகைவரோ கலகக்காரரோ அல்லர், பாதுகாவலரே. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பீடத்தின்மேல் பிரிதான் என்ற சிற்பி பளிங்கில் செதுக்கிய மாதாவின் பரலோக ஆரோகணத்தை வெளிச்சத்தில் பார்க்க விரும்பிய குருக்கள், வண்ணச் சாளரங்கள் சிலவற்றைப் பெயர்த்தெறிந்து வெண்கண்ணாடி வைத்தார்கள். அவர்களுடைய ரசனையைப் பற்றி அதிகம் பேசாதிருப்பதே மரியாதை. புரட்சிக் காலத்தில் கூரையின் ஈயம் போயிற்று; சாளரங்கள் பெரும்பாலும் தப்பின. 1836ஆம் ஆண்டில் கூரையின் மரச்சட்டங்கள் முழுவதும் எரிந்தபோதும் தப்பின. 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்ட வேளையில், முன்னரே வகுத்து வைத்திருந்த திட்டத்தின்படி சாளரங்களையெல்லாம் ஒரு சில நாட்களுக்குள் கழற்றி, பெட்டிகளில் அடைத்து, முதலில் நிலவறையிலும் பிறகு தென்மேற்கே தோர்தோன் பிரதேசத்துக் கல்குழி ஒன்றின் ஆழத்திலும் மறைத்து வைத்தார்கள். 1944 ஆகஸ்டில் கோபுரத்தில் ஜெர்மானியர் ஒளிந்திருப்பதாகச் சந்தேகித்து அமெரிக்கப் பீரங்கிகள் குறி பார்த்திருந்த சமயம், வெல்பார்ன் கிரிஃபித் என்ற கர்னல் நேரிலே சென்று கோபுரத்தைச் சோதித்து, பகைவர் இல்லையென அறிவித்தார் என்பர். அன்றைக்கே அண்டையிலுள்ள லேவ் கிராமத்தில் அவர் குண்டடிபட்டு இறந்தார்.

போர் முடிந்து சாளரங்கள் தத்தம் இடம் சேர்ந்த பின்னும் விவாதம் ஓயவில்லை. 1970களில் மேற்கு முகப்பின் மூன்று சாளரங்களையும் விஞ்ஞான முறையில் சுத்தம் செய்தபோது, நீலத்தின் ஆழம் போய்விட்டதென்று பிரெஞ்சு ஓவியர் பலர் கண்டனம் எழுப்பினார்கள். ஆழமென்று அவர்கள் எண்ணியதில் எவ்வளவு நூற்றாண்டுகளின் அழுக்கு, எவ்வளவு கலைஞனின் எண்ணம் என்பதை ஆய்வுக்கூடத்தார் எடுத்துரைத்தும் அவர்கள் சமாதானமடையவில்லை. நம் அபிப்பிராயம் ஆய்வுக்கூடத்தார் பக்கமே சாய்கிறது; எனினும் எண்ணூறு ஆண்டு இருட்டில் பழகிய கண் சட்டென்று வெளிச்சத்துக்கு உடன்படாது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ராணி பிளான்ஷின் மகன் ஒன்பதாம் லூயி, வடக்கு ரோஜா சாளரம் எழுந்து சில ஆண்டுகள் கழித்து, கர்த்தரின் முள்முடி என்று போற்றப்பட்ட அருளிக்கத்தைக் கான்ஸ்டான்டிநோபிள் சக்கரவர்த்தியிடமிருந்து பெரும்பொருள் கொடுத்துப் பெற்று, அதற்கென்று பாரிஸ் அரண்மனைக்குள்ளேயே ஒரு சிற்றாலயம் எழுப்பினார். 1248ஆம் ஆண்டு ஏப்ரலில் அபிஷேகமான அந்த ஆலயத்தின் மேல்தளத்தில் சுவரென்று சொல்லத்தக்கது ஏறக்குறைய இல்லை. அதன் கதையை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.